ஆட்டு டாக்டரா, ஆட்டு விஞ்ஞானியா? குமரி மாவட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

குலசேகரம் பக்கம் பிறந்து, ஆட்டுப் புழுக்கையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே இருபது வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கிய ஆள் நான். கால்நடை ஒட்டுண்ணியியல் என் துறை. வெள்ளாடும் செம்மறியும் நான் எடுத்துக்கொண்ட பிராணிகள். ஊருக்கு வரும்போதெல்லாம் கல்யாணப் பந்தியிலும் பேச்சிப்பாறை பஸ்ஸிலும் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். பிளஸ் டூ பிள்ளைகள் கேட்பது கொஞ்சம்தான், அவர்களுடைய அப்பா அம்மா கேட்பதுதான் அதிகம். எல்லோருக்கும் பாதி பாதியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

கால்நடை டாக்டர் தெரியும். கால்நடை விஞ்ஞானி என்றால் யார்?

ஒரு முற்றத்தைக் காட்டுகிறேன். திருவட்டாறுக்குப் பக்கத்தில் ஒரு வீடு, ஆவணி மாத மழை விட்டிருந்த காலை. அம்மச்சி வளர்த்த நான்கு வெள்ளாடுகளில் ஒன்று விடியும்போது செத்துக் கிடந்தது. மீதி மூன்றும் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. ஒன்றுக்குத் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை கட்டியதுபோல வீக்கம். கண் இமையை இழுத்துப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருக்கவேண்டிய உள்சதை வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது.

செத்த ஆட்டை வாழை இலைகளின் மேல் போட்டு அறுத்தேன். நான்காம் இரைப்பையைத் திறந்ததும் அம்மச்சி குனிந்து பார்த்தார். உள்சுவர் முழுக்க மெல்லிய நூல்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், நெளிந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து இலையில் வைத்தால் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு மாதிரி தெரியும். சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதன் முட்டைப் பை.

"இது என்னதாக்கும் மோளே? முடியா?"

"முடி இல்ல அம்மச்சி, பூச்சியாக்கும். ரெத்தம் குடிக்கும்."

"நான் மாசாமாசம் பூச்சி மருந்து குடுத்தேனே. பின்ன எப்பிடி?"

கால்நடை டாக்டரின் வேலை மிச்சம் மூன்று ஆட்டையும் பிழைக்க வைப்பது. 'பின்ன எப்பிடி?' என்ற கேள்விக்குப் பதில் தேடுவது விஞ்ஞானியின் வேலை. அன்று அந்தத் தெருவில் இருந்த ஆடுகள் அத்தனையின் புழுக்கையையும் சேகரித்தோம். ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று எண்ணினோம். வழக்கமான மருந்தை எடை பார்த்துச் சரியான அளவில் கொடுத்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எண்ணினோம். மருந்து வேலை செய்தால் முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவேண்டும். அங்கே அப்படிக் குறையவில்லை. வருடக்கணக்காக ஒரே மருந்தை, கண்ணால் எடை போட்டு, குறைந்த அளவில், மாதம் தவறாமல் ஊற்றியதில் மருந்துக்குச் சாகிற புழுக்கள் செத்து, சாகாத புழுக்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அம்மச்சி செய்த ஒரே தப்பு, மிகக் கவனமாக இருந்தது!

டாக்டரும் விஞ்ஞானியும் படித்துத் தொடங்கும் பட்டம் ஒன்றேதான். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு செய்துகொள்வதும் ஒன்றேதான். அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது.

பிளஸ் டூவில் என்ன குரூப்? நீட் எழுதணுமா?

இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் என்றாலும் சரி. பட்டத்தின் பெயர் பி.வி.எஸ்சி. & ஏ.எச்., மொத்தம் ஐந்தரை வருடம். அதில் கடைசி ஒரு வருடம் உள்ளிருப்புப் பயிற்சி.

தமிழ்நாட்டு இடங்களுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறது, நீட் தேவையில்லை. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்தப் படிப்புக்கும் உண்டு. பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். களியக்காவிளை பக்கத்துப் பெற்றோர் சிலர் 'கேரளத்தில் சேர்த்தால் பக்கமாச்சே' என்பார்கள். அங்கே நீட் வேண்டும். கல்லூரிகள் இருப்பதும் திருச்சூர் மண்ணுத்தியிலும் வயநாட்டுப் பூக்கோட்டிலும். பக்கம் ஒன்றும் இல்லை.

நமக்குப் பக்கம் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கல்லூரி, 2012இல் தொடங்கியது. சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903இலிருந்து இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய ஊர்களிலும் உண்டு. எந்தக் கல்லூரி என்று ரொம்ப யோசிக்கவேண்டாம், பாடத்திட்டம் ஒன்று.

ஆடு பற்றி மட்டுமே படிக்கிற பட்டம் இருக்கிறதா?

இல்லை. இதைத்தான் முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ளவேண்டும். ஐந்தரை வருடமும் மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி, நாய், குதிரை, காட்டு விலங்கு என்று எல்லாமும் படிப்பீர்கள். முதுகலையில், அதாவது எம்.வி.எஸ்சி. இரண்டு வருடத்தில், பிரிவது துறைவாரியாக: மரபியலும் இனவிருத்தியும், தீவனவியல், ஒட்டுண்ணியியல், நுண்ணுயிரியல், நோய்க்குறியியல், ஈனியல், மருத்துவம், அறுவை சிகிச்சை, பண்ணை மேலாண்மை, பொதுச் சுகாதாரம். இவற்றில் எதிலும் 'ஆட்டுத் துறை' என்று ஒரு பலகை தொங்காது.

ஆட்டை நீங்களாகத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். முதுகலை ஆய்வேட்டில் ஆடு, பிஎச்.டி.யில் ஆடு, எழுதும் கட்டுரையில் ஆடு, வேலைக்கு விண்ணப்பிக்கும் நிலையத்தில் ஆடு என்று பத்து வருடம் பிடிவாதம் பிடித்தால் ஒருநாள் யாரோ உங்களை 'ஆட்டுக்காரர்' என்று அறிமுகப்படுத்துவார்கள். என்னை முதன்முதலில் அப்படிச் சொன்னது ஒரு கருத்தரங்கில், கிண்டலாக. சொன்னவர் பசு மாட்டுக் கருமாற்று நிபுணர், கோட் சூட் போட்டிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை; அவருக்குத் தெரியாது, எங்கள் ஊரில் அது ஒரு தொழிலின் பெயர்.

எந்தத் துறையை எடுப்பது? நோய் பிடித்த ஆட்டைப் பார்த்தால் உங்களுக்குக் கை துறுதுறுக்கும் என்றால் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல். ஒரு மந்தையைப் பார்த்ததும் 'இது எந்த இனம், இதன் தாய்க்கு எத்தனை குட்டி' என்று கேட்கத் தோன்றினால் மரபியல். மேற்கு வங்கத்தின் காரோல் செம்மறி ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டி போடும். அதற்குக் காரணமான ஒற்றை மரபணுவைத் தக்காணத்துச் செம்மறிக்குள் கொண்டுபோய் இரட்டைக் குட்டி போட வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி வேலை பத்து இருபது வருடம் எடுக்கும். பொறுமை இல்லாதவர்கள் என் மாதிரி புழுப் பக்கம் வந்துவிடலாம், இரண்டு வாரத்தில் முடிவு தெரியும்.

நாயும் மாடும் பார்த்தால் வருமானம் அதிகம். ஏன் ஆடு?

வருமானம் அதிகம்தான், மறுக்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு நாய் கிளினிக் வைத்தால் இரண்டு வருடத்தில் கார் வாங்கலாம்.

ஆட்டில் கணக்கு வேறு. நாய்க்குப் பத்தாயிரம் செலவு செய்பவர், அதே வீட்டில் நிற்கும் ஆட்டுக்குட்டிக்கு ஆயிரம் செலவு செய்யமாட்டார். குட்டி விற்றால் சில ஆயிரம் கிடைக்கும். மருந்துச் செலவு அதைத் தொட்டுவிட்டால் வைத்தியத்துக்குப் பதில் கசாப்புக் கடைக்குத்தான் போன் போகும். அதில் கல்மனசு ஒன்றும் இல்லை, வீட்டுக்காரி கணக்குத் தெரிந்தவள். ஆகவே ஆட்டு வைத்தியம் ஓர் ஆட்டைக் குணப்படுத்துவதில் முடிவதில்லை. சில ரூபாய்க்குள் அடங்குகிற தடுப்பு முறையை நூறு ஆடுகளுக்கு ஒரே சமயத்தில் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று யோசிக்கவேண்டும். விலை குறைந்த பிராணிக்குத்தான் அதிக அறிவியல் தேவைப்படுகிறது. எனக்கு இந்த முரண் பிடித்துப்போனது, அவ்வளவுதான் காரணம்.

ஓர் உதாரணம். ஆட்டின் கீழ் இமையை இழுத்து, உள்நிறத்தை ஓர் அட்டையில் இருக்கும் ஐந்து நிறங்களோடு ஒப்பிட்டு, வெளிறிய ஆட்டுக்கு மட்டும் புழு மருந்து கொடுக்கும் முறை தென்னாப்பிரிக்காவில் உருவானது. லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம், எழுதப் படிக்கக்கூடத் தெரியவேண்டாம். எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றாததால் மருந்துக்குப் பழகாத புழுக்களும் மந்தையில் மிஞ்சும். எதிர்ப்புத் தன்மை பரவுவது தாமதமாகும். அந்த அம்மச்சிக்கு நான் கடைசியில் கொடுத்தது இந்த அட்டையைத்தான். அவர் அதை உத்தரத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்தார்.

நம்ம மாவட்டத்தில் ஆடே குறைவு. இங்கே ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

விருதுநகர், ராமநாதபுரம் போல நூற்றுக்கணக்கில் மந்தை இங்கே இல்லை என்பது சரி. வீட்டுக்கு இரண்டு, மூன்று, ஐந்து என்று ரப்பர் தோட்டத்து ஓரத்திலும் தென்னந்தோப்பிலும் கயிற்றில் கட்டி வளர்க்கிறோம். ஆனால் ஒரு விஞ்ஞானியின் கண்ணுக்கு இந்தச் சின்ன மாவட்டம் ஒரு புதையல்.

முதலில் மழை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நான் மேலே சொன்ன ரத்தம் குடிக்கும் புழு ஒரு நாளைக்கு ஐந்தாயிரத்துக்கு மேல் முட்டை இடும். முட்டை பொரிந்து குஞ்சுப் புழு வளர ஈரமும் சூடும் வேண்டும். இரண்டும் கிடைத்தால் ஒரு வாரத்தில் புல் நுனியில் ஏறி, தின்ன வரும் ஆட்டுக்காகக் காத்திருக்கும். கோவில்பட்டி கரிசலில் கோடை வெயில் அதைப் பொசுக்கிவிடும். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் அதற்கு லீவே கிடையாது. கரிசல் ஊருக்காக எழுதிய புழு நீக்கக் காலண்டரை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் வேலைக்கு ஆகாது. இதை ஊர் ஊராக அளந்து சொல்ல ஆள் வேண்டும்.

அடுத்து தீனி. இங்கே ஆட்டுக்குப் புல் இரண்டாம்பட்சம், குழைதான் முதல். பிலாக்குழை, அதாவது பலா இலைக் கொத்து, ஒடித்துக் கட்டினால் ஆடு வேறெதையும் திரும்பிப் பார்க்காது. (கஞ்சி குடிக்கப் பிலாவிலையைக் கோட்டிக் கரண்டி செய்த தலைமுறை நான், அந்தக் கரண்டியைக் கடைசியில் ஆட்டுக்குப் போடுவது என் வேலை.) தரையில் மேயாமல் உயரத்தில் கட்டிய குழையைத் தின்னும் ஆட்டுக்குப் புழு ஏறுவது குறையும், ஏனென்றால் குஞ்சுப் புழு புல்லில்தான் இருக்கிறது. பாட்டிமார்கள் ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று கேட்டால் 'மண்ணில போட்டா திங்காது' என்பார்கள். அதுவும் உண்மை.

மூன்றாவது மரச்சீனி, அதாவது மரவள்ளி. கிழங்கு பிடுங்கும் சமயம் பச்சை இலையையும் தொலியையும் வயிறு நிறையத் தின்ற ஆடு சில நிமிடங்களில் மூச்சு வாங்கி விழும். அதில் இருக்கும் சயனைடு சேர்மம் வயிற்றுக்குள் போனதும் நஞ்சாகப் பிரிகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் திசுக்களால் அதை எடுக்கமுடியாது. அதனால்தான் வாயின் உள்ளே பளிச்சென்ற சிவப்பு, புழு விழுந்த ஆட்டின் வெளிறலுக்கு நேர் எதிர். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பில் ஏற்றினால் பிழைக்கும், டாக்டர் நேரத்துக்கு வந்தால். ரப்பர் இலையிலும் இதே வகைச் சேர்மம் உண்டு. மரச்சீனி இலையை வெட்டி வெயிலில் நன்றாக உலர்த்தினால் நஞ்சு பெருமளவு போய்விடும். எத்தனை மணி நேரம், எந்த ரகத்துக்கு, எவ்வளவு கலக்கலாம் என்பதெல்லாம் ஒரு நல்ல முதுகலை ஆய்வுக்கான தலைப்பு. யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கிழக்கே தோவாளை, பூதப்பாண்டி பக்கம் அறுப்பு முடிந்த வயலில் போடும் செம்மறிக் கிடை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மந்தை இரவில் வயலில் அடைந்து, எருவையும் மூத்திரத்தையும் கொடுத்துவிட்டு அடுத்த வயலுக்கு நகரும். வயலுக்கு நல்லது. ஆனால் நீர் நிற்கிற வயலில் நத்தை உண்டு, நத்தைக்குள் தட்டைப்புழுவின் இளம் பருவம் உண்டு. நடந்து ஊர் மாறும் மந்தையோடு ஆட்டுக்கொல்லி நோயும் அம்மையும் நடக்கும். மழை பிந்திய மாதங்களில் பூச்சிக் கடியால் பரவும் நீலநாக்கு நோய், வெள்ளாட்டைவிடச் செம்மறியைத்தான் அடிக்கும். ஒரு கிடையின் பின்னால் பத்து நாள் நடந்தால் பாடப்புத்தகம் முழுக்க வந்துவிடும். மந்தையை நடத்தும் கீதாரியிடம் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும், அதுதான் கஷ்டம்.

கன்னி ஆடு நம்ம கன்னியாகுமரி இனமா?

பெயரைப் பார்த்து எல்லோரும் ஏமாறுவது. இல்லை. அதன் தாய்மண் விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம். கருப்பு உடம்பில் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு இருந்தால் செங்கன்னி. நெட்டையாக, வெள்ளையில் கருப்போ சிவப்போ தெறித்தாற்போல் இருப்பது கொடி ஆடு. அது தூத்துக்குடி, ராமநாதபுரத்துக்காரர். நம் வீடுகளில் அதிகம் நிற்பது தலைச்சேரியும் அதன் கலப்பும்தான். கேரளத்தில் அதை மலபாரி என்பார்கள்.

வெள்ளாடு, செம்மறி இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தானே?

நானும் அப்படி நினைத்த காலம் ஒன்று இருந்தது, மூன்று செம்மறி அதற்கு உயிரைக் கொடுத்தது.

படித்து முடித்த புதிது. ஒரு பண்ணையில் தாது உப்புக் கலவை தீர்ந்துபோய்விட்டது. மாட்டுக்கான மூட்டை இருந்தது. 'தாதுதானே' என்று நானே எழுதிக்கொடுத்து வெள்ளாட்டுக் கொட்டிலுக்கும் செம்மறிக் கொட்டிலுக்கும் போடச் சொன்னேன். வாரங்கள் போயின, ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒருநாள் உரோமம் கத்தரிப்பதற்காகச் செம்மறிகளைப் பிடித்து, கட்டி, அலைக்கழித்த மறுநாள், மூன்று ஆடுகள் மஞ்சள் பூத்துச் சுருண்டன. மூத்திரம் கட்டன்சாயா நிறத்தில். அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் கருத்திருந்தது.

தாமிரம். வெள்ளாடு தாங்கும் அளவைச் செம்மறி தாங்காது. அதன் ஈரலில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். ஏதாவது அதிர்ச்சி வந்ததும் மொத்தமாக ரத்தத்தில் கொட்டி சிவப்பணுக்களை உடைத்துவிடும். மூட்டையின் பின்பக்கம் தாமிர அளவு அச்சாகியிருந்தது, நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை. இன்றும் எந்த மூட்டையைக் கண்டாலும் முதலில் பின்பக்கம் திருப்புகிறேன், வீட்டில் கடுகுப் பொட்டலம் உட்பட.

வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம், செம்மறிக்கு 54. ஒன்று குழை தேடி முன்னங்காலைத் தூக்கும், மற்றது தலையைக் குனிந்து புல் கடிக்கும். வெள்ளாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், செம்மறி 17 நாளுக்கு. இரண்டுக்கும் சினைக்காலம் சுமார் ஐந்து மாதம், அதில் மட்டும் ஒற்றுமை.

தமிழ்நாட்டு ஆட்டு ஆராய்ச்சி பெரிதாக ஏதாவது சாதித்திருக்கிறதா?

ஆட்டுக்கொல்லி நோய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல். வந்தால் கொட்டில் காலியாகும். மனிதனுக்கு வரும் தட்டம்மை வைரஸின் சொந்தக்காரன், ஆனால் மனிதனைத் தொடாது. இந்தியாவில் இந்த நோய் இருப்பது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அதுவரை ஆட்டில் இப்படி ஒரு நோயைக் கண்டால் மாட்டு வெக்கை என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரில் எடுத்த வைரஸை வீரியம் குறைத்துத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. அந்த விதை வைரஸின் பெயரே 'அரசூர் 87'. வடக்கே இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 'சுங்ரி 96' என்ற இன்னொன்றை உருவாக்கியது. ஒரு முறை போட்டால் மூன்று வருடம் தாங்கும் என்பதால்தான் நாடு முழுக்கப் போடுவது சாத்தியமாயிற்று. மாட்டு வெக்கை 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிப்பது உலக அமைப்புகள் வைத்திருக்கும் இலக்கு. இன்று பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை பட்டம் வாங்கி வெளியே வரும்போது அந்த வேலையில் மிச்சம் இருந்தால் கை வைக்கலாம். 'என் பிள்ளை ஆடு மேய்க்கவா படிச்சான்?' என்று கேட்கும் அப்பாக்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான். பாதிப் பேர் சமாதானம் ஆகிறார்கள்.

வேலை எங்கே? சம்பளம் எவ்வளவு?

மூன்று வழி. ஒன்று, கால்நடை பராமரிப்புத் துறையில் உதவி மருத்துவர், டி.என்.பி.எஸ்.சி. தேர்வு, அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய்க்கு மேல். ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் தடுப்பு மருந்து நிலையம் இந்தத் துறையுடையது. ஊசி தயாரிப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது நல்ல இடம்.

இரண்டு, பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். முதுகலையும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும், பிஎச்.டி. இருந்தால் கை ஓங்கும். நாகர்கோவிலில் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. செம்மறிக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டு நிலையமும், நீலகிரி சாண்டிநல்லாவில் ஒரு நிலையமும் உண்டு.

மூன்று, மத்திய அரசின் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானி. அதற்கு ஏ.ஆர்.எஸ். (வேளாண் ஆராய்ச்சிப் பணி) தேர்வு, வயது உச்சவரம்பு உண்டு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். வெள்ளாட்டுக்கான மத்திய நிறுவனம் மதுராவுக்குப் பக்கம் மக்தூமில், 1979இலிருந்து. செம்மறிக்கானது ராஜஸ்தான் அவிகாநகரில், 1962இலிருந்து. அதன் தென்மண்டல மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில். இந்தி தெரியாமல் மக்தூம் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம், ஆறு மாதத்தில் ஆடு கற்றுக்கொடுத்துவிடும்.

நடுவில் ஒரு வறட்சிக் காலம் வரும், மறைக்கமாட்டேன். பிஎச்.டி. முடிந்து நிரந்தர வேலை கிடைக்கும்வரை திட்டப் பணி. நெட் தேர்ச்சி பெற்ற ஆய்வாளருக்கு மத்திய அரசுத் திட்டங்களில் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் பணம் மாதாமாதம் வரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஒரு நிறுவனத்தில் எனக்கு ஏழு மாதச் சம்பளம் மொத்தமாக வந்தது. அந்த ஏழு மாதமும் அம்மா ஊரிலிருந்து அரிசியும் கருவாடும் அனுப்பினாள்.

பெண்களுக்கு இந்த வேலை சரிப்படுமா?

குமரி மாவட்டத்தில் ஆடு வளர்ப்பது யார்? பெண்கள். 2011இல் தமிழக அரசு விலையில்லா ஆடு கொடுத்ததும் ஏழைப் பெண்கள் பெயரில்தான். ஆட்டுக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் ஆண் டாக்டரிடம் சொல்லாததையும் என்னிடம் சொல்வார்கள். பனங்கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டுச் சொல்வார்கள். பிறகென்ன.

எருமையை அடக்க எட்டுப் பேர் வேண்டும். ஆட்டை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொள்ளலாம். கை சின்னதாக இருப்பது ஈனும்போது மாட்டிக்கொண்ட குட்டியை எடுக்க உண்மையிலேயே உதவும். நான் வகுப்பெடுக்கப் போகும் இடங்களில் இப்போது பாதிக்கு மேல் பெண்கள்தான்.

ஆட்டிலிருந்து நமக்கு நோய் வருமா?

வரும். புரூசெல்லா என்ற கிருமி முக்கியமானது: கர்ப்பம் கலைந்த ஆட்டின் நச்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டாலோ, பாலைக் காய்ச்சாமல் குடித்தாலோ வந்து, மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் கொடுக்கும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) சந்தேகம் இருக்கும் செத்த ஆட்டை அறுக்கவே கூடாது. காற்று பட்டால் அதன் கிருமி வித்தாக மாறி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். திடீர்ச் சாவு, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் என்றால் கத்தியை உறையில் போடுங்கள். குட்டிகளின் வாய்ப்புண் விரலில் ஒட்டினால் கொப்புளம் வரும், சில வாரத்தில் ஆறும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளவேண்டும்.

இப்போதே தயாராக என்ன செய்யலாம்?

பக்கத்து வீட்டில் ஆடு இருந்தால் ஒரு நோட்டு வாங்குங்கள். என்றைக்குக் கிடாயோடு சேர்ந்தது, என்றைக்கு ஈன்றது, எத்தனை குட்டி, கிடாக்குட்டியா பெட்டையா, எப்போது கழிந்தது, என்ன தின்றது, என்ன விலைக்குப் போனது. ஒரு வருடம் எழுதுங்கள். சுடலைமாடன் கோயில் கொடைக்கும் பக்ரீத்துக்கும் முன்னால் விலை எப்படி ஏறுகிறது என்பதுகூட அந்த நோட்டில் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு வரும் முதலாண்டு மாணவர்களில் ஆட்டைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, எழுதிவைக்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆங்கிலம் பற்றிப் பயப்படவேண்டாம். தமிழ்வழியில் படித்துத்தான் நானும் வந்தேன், முதல் வருடம் அழுதேன், இரண்டாம் வருடம் நேரமில்லை.

என் ஆட்டுக்கு உடம்பு சரியில்லை. போனில் மருந்து சொல்வீர்களா?

மாட்டேன். பக்கத்து அரசுக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். தரையில் கிடப்பதை அள்ளாமல், ஆடு போடும்போதே விழுந்த புழுக்கையில் பத்துப் பதினைந்தைச் சுத்தமான பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி, இறுக்கிக் கட்டுங்கள். எந்த ஆடு, என்ன வயது, கடைசியாக எந்த மருந்து, எப்போது என்று சீட்டில் எழுதிக் கவரின் வெளியே ஒட்டுங்கள். அன்றைக்கே கொடுக்கமுடியாவிட்டால் பிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஐஸ் பெட்டியில் வைக்கவேண்டாம். வெயிலில் வைத்தால் ஒரு நாளில் முட்டை பொரிந்துவிடும், பிறகு எண்ண ஒன்றும் இருக்காது. வீட்டில் இருப்பவர்களிடம் அது என்ன கவர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அதைக் குருமிளகு என்று நினைத்து எடுத்துவிட்டார்கள்.